கொஞ்சிப் பழக்கிய குதிரை

குதிரை ஏறப் பழக வேண்டும் என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படியும் போகாமல் நிற்பவர்களுக்குத்தான் மற்றதெல்லாம்.

தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி, மூட்டுவலி என்று வருகிறவர்கள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "மேடம், நீங்க குதிரை ஓட்டுவீங்களாமே" என்று ஆரம்பிப்பார்கள். யார் சொன்னது என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். நடுவயதைத் தொட்ட பெண்பிள்ளை குதிரை ஏறுவது இந்த ஊரில் ரகசியமாக இருக்க முடியுமா? கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது குதிரைமேல் உட்கார்ந்த போட்டோ. கடற்கரை உள்ள ஊராகப் பார்த்துப் போங்கள், ஏற்றி இறக்கிப் படமும் எடுத்துத் தருவார்கள் என்று அவர்களை அனுப்பிவிடுவேன்.

மிச்சம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். லகான் என்பது நீங்கள் பிடித்துத் தொங்குவதற்கு இல்லை. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்தீர்கள் என்றால், உங்கள் எடை முழுவதையும் ஓர் உயிரின் நாக்கும் ஈறும் தாங்கிக்கொண்டிருக்கிறது. பயம் வந்தால் சேணத்தின் முன்மேட்டைப் பிடியுங்கள், பிடரி மயிரைப் பிடியுங்கள், விழ வேண்டியிருந்தால் விழுந்தும் தொலையுங்கள். வாயை மட்டும் இழுக்காதீர்கள். குனிந்து குதிரையின் கழுத்தையே பார்க்காதீர்கள். அது எங்கேயும் போய்விடாது. நீங்கள் போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கேட்டதைக் குதிரை செய்த அந்த நொடியே கேட்பதை நிறுத்துங்கள். காலால் அழுத்தினீர்கள், அது நகர்ந்தது, உடனே அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். எடுப்பதுதான் அதற்குப் பரிசு. வெல்லமும் கேரட்டும் அதற்கு அப்புறம். அழுத்தத் தெரிந்து எடுக்கத் தெரியாதவர்கள் குதிரை பக்கமே வரக்கூடாது.

இதைச் சொல்லும்போது என் முகம் கடுகடுவென்று ஆகிவிடுவதாகக் கிளினிக்கில் பேசிக்கொள்கிறார்கள். ஆகட்டும். சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வரவில்லை.

நான் ஆரம்பித்ததே நாற்பதைத் தாண்டிய பிறகுதான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குக் குதிரை என்றால் பெருமாளின் வாகனம். ஒருநாள் விடிகாலையில் முழங்கால் வரை பூட்ஸோடு நான் ஸ்கூட்டரை எடுப்பதைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, கோலப்பொடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டிம்மா, பெருமாள் குதிரை வாகனத்துல எழுந்தருளறார், சேவிச்சுட்டு வந்தா போறாதா? நீயும் ஏறணுமா?" என் கணவர் அவ்வளவு தூரம் போகவில்லை. "இடுப்பு ஒடிஞ்சா உன் கிளினிக்லயே சேந்துக்கோ" என்றதோடு விட்டுவிட்டார்.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, வாழைத்தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்த இடம். அதன் ஓனர் மனை போட்டு விற்பவர். மனை பார்க்கக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது இருக்கட்டும் என்று நாலு குதிரைகளை வாங்கிக் கட்டி, ரைடிங் ஸ்கூல் என்று போர்டும் மாட்டியிருந்தார். மரியாதையான மனுஷர். வார்த்தைக்கு வார்த்தை மேடம் போடுவார். அந்த மேடத்தில் மயங்கியவர்களில் நானும் ஒருத்தி.

அவர் வாங்கிவந்த நாலில் ஒன்று வெள்ளைப் பெண் குதிரை. காது நுனிகள் இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும், அப்படியொரு வடநாட்டு ஜாதி. நான் அவளை 'அது' என்று எழுதப்போவதில்லை. இலக்கணம் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். அவள் அதற்கு முன் கல்யாண ஊர்வலங்களில் ஆடிப் பிழைத்தவள். ஆடவைக்க எப்படிப் பழக்குவார்கள் என்று நான் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். முன்னங்கால்களில் கயிறு கட்டி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுப்பார்கள். முகத்துக்கு நேரே மேளம். பின்னால் பிரம்போடு ஒருவர். வாயில் முள் வைத்த கடிவாளம். இத்தனையும் சேர்ந்தால் எந்த உயிரும் ஆடத்தான் செய்யும், நானும் நீங்களும்கூட. அவள் ஒருநாள் ஆடமாட்டேன் என்று முன்னங்காலைத் தூக்கி நின்று, மேலே இருந்த மாப்பிள்ளையை நடுரோட்டில் இறக்கிவிட்டாள். அதோடு சந்தைக்கு ஓட்டிவிட்டார்கள். நிறத்துக்காக ஓனர் வாங்கிவந்தார்.

நான் பார்த்தபோது அவளுடைய வாயோரம் இரண்டு பக்கமும் தோல் தடித்து, காய்ப்புக் காய்த்திருந்தது. முன்னங்கால்களில் கயிறு பட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை. யாராவது கையை உயர்த்தினால் தலையை வெடுக்கென்று தூக்குவாள். "இது மட்டும் யாருக்கும் அடங்க மாட்டேங்குதுங்க மேடம். நீங்க வேணா பாருங்க" என்றார் ஓனர். நானும் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இனி எந்தக் காலத்திலும் அவள் ஓர் ஊர்வலத்தில் போய் நிற்கக்கூடாது.

டிரெஸ்ஸாஜ் என்று ஒரு பயிற்சி உண்டு. நீள்சதுரமான மைதானம், அதன் ஓரங்களில் எழுத்துகள் எழுதிய பலகைகள், அதற்குள் வட்டம், வளைவு, நேர்க்கோடு என்று குதிரையை நடத்துவது. பார்ப்பவர்களுக்கு இதில் ஒரு சுவாரசியமும் இருக்காது. தாண்டல் இல்லை, பாய்ச்சல் இல்லை. மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாததுபோலவும் குதிரை தானாகவே எல்லாம் செய்வதுபோலவும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் லட்சியம். பெங்களூரில் இருந்த ஒரு பயிற்சியாளருக்கு வாராவாரம் நான் வீடியோ அனுப்புவேன். அவர் போனில் திட்டுவார். முக்கால்வாசி என் இடுப்பைத்தான் திட்டுவார். ஊரார் இடுப்பையெல்லாம் சரிசெய்து அனுப்புகிற எனக்கு, என் இடுப்பின் வலதுபக்கம் விறைத்துப்போய்க் கிடக்கிறது என்பதை அவள்தான் காட்டிக்கொடுத்தாள். நேராகப் போ என்று நான் நினைப்பேன். அவள் வலதுபக்கமாக ஒதுங்குவாள். எனக்குக் கோபம் வரும். பார்த்தால், என் எடை அங்கே கிடக்கும்.

இதுவும் புதிதாகக் கற்பவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். குதிரை தப்பு செய்கிறது என்று தோன்றினால் அதை அடிப்பதற்கு முன் உங்கள் உட்காரும் எலும்பை விசாரியுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கும். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது, அதற்குத் தெரியும்.

முதல் மழைக்காலம் முழுவதும் அவள் வாயில் நான் ஒன்றையும் வைக்கவில்லை. மூக்குவார் மட்டும்தான். வாழைத்தோப்பு வரப்பில் கூடவே நடப்போம், நிற்போம், திரும்பி வருவோம். நான் கையை உயர்த்தினாலும் அவள் தலையைத் தூக்காத நாள் ஒன்று வந்தது. அதற்குப் பிறகுதான் சேணம். அதற்கும் ரொம்ப நாளைக்குப் பிறகு, மெத்தென்ற ரப்பர் சுற்றிய கடிவாளம். அவசரப்படுகிறவர்கள் இந்தக் காலத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். தலையைக் கீழே இழுத்துக் கட்டி, கழுத்து அழகாக வளைந்துவிட்டது என்று வீடியோ போடுவார்கள். வளைந்திருப்பது கழுத்துதான். முதுகு கட்டைபோல் கிடக்கும்.

வருஷங்கள் போயின. அவள் என் கீழே நடந்தாள், மெல்ல ஓடினாள், பக்கவாட்டில் காலைக் குறுக்கே போட்டு நழுவினாள். கடைசியில் பயிற்சியாளர், இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்க வைக்கலாம் என்றார். டிரெஸ்ஸாஜில் மிகக் கஷ்டமான பாடம் அதுதான். எனக்குத் திக்கென்றது. ஆடவைப்பது போலத்தானே அது? இல்லை என்றார் அவர். பயத்தில் காலைத் தூக்கும் குதிரைக்கும், பலத்தில் தூக்கும் குதிரைக்கும் முதுகைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும் என்றார். அது உண்மைதான். நான் முதுகைப் பற்றி மட்டும் யோசித்தேன்.

அதைச் சொல்லிக்கொடுப்பது இப்படி. நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் அவள் விலாவோடு நெருக்கி மூட வேண்டும். முன்னால் போகவிடக்கூடாது. அவளுக்குள் சக்தி சேர்ந்து, அது போக வழியில்லாமல், காலைத் தூக்குவாள். ஒரே ஒரு தூக்கு தூக்கினாலும் உடனே என் கால்களைத் தளர்த்திவிடுவேன். அவள் நின்று பெருமூச்சு விடுவாள். கழுத்தைத் தட்டிக்கொடுப்பேன். மறுநாள் இரண்டு தூக்கு. பிரம்பு கிடையாது, கயிறு கிடையாது. ஒருநாள் காலைப் பனியில் அவள் அப்படியே சீராக, காதுகளைத் தளர்த்தித் தொங்கவிட்டுக்கொண்டு, என் மூடிய கால்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே நடந்தாள். நான் கீழே இறங்கி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் கல்யாணத்தில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. இதை என் கணவர் படித்தாலும் பரவாயில்லை.

அவளை எனக்கே கொடுத்துவிடும்படி ஓனரிடம் கேட்டேன். ஒரு தடவை இல்லை, பார்க்கும்போதெல்லாம். "உங்க குதிரைதானே மேடம் அது. உங்களைத் தவிர யாரு தொடறாங்க? பாத்துக்கலாம்ங்க" என்பார். எழுதிக் கொடுங்கள் என்று கேட்க நாக்கு வரவில்லை. இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவரிடம் எப்படிக் கேட்பது? நடுத்தர வர்க்கத்து நாசூக்கு என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அதைப்போல் ஆளைக் கவிழ்ப்பது வேறொன்றும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தினர் வருகிறார்கள், குதிரையைக் கொஞ்சம் காட்ட முடியுமா என்று கேட்டார் ஓனர். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை வருஷமும் என்னைப் பார்த்தவர்கள் வாழைக்கு மடை மாற்றுகிறவர்கள் மட்டும்தான். அவளைக் குளிப்பாட்டி, பிடரி மயிரைச் சின்னச் சின்ன முடிச்சாகப் பின்னினேன். வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டேன். வட்டம் போனேன், வளைவு போனேன், பக்கவாட்டில் நழுவினேன். நாற்காலிகளில் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மைதானத்தின் நடுவில் நிறுத்தி, என் கால்களை மூடினேன். அவள் இருந்த இடத்திலேயே காலைத் தூக்கினாள்.

அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். "இன்னொரு தடவை காட்டுங்க மேடம்" என்றார். ஆஹா, ரசிகர் ஒருவர் கிடைத்தார் என்று நானும் இன்னொரு தடவை காட்டினேன். அவர் கிட்டே வந்து அவள் கால்களைப் பார்த்தார், பற்களைப் பார்த்தார். "மேளத்துக்குப் பயப்படுமா?" என்றார். "இப்ப எதுக்குமே பயப்பட மாட்டா" என்றேன் பெருமையாக. அவர் கல்யாணங்களுக்குச் சாரட்டு வண்டி, குதிரை, செண்டை மேளம் எல்லாம் ஏற்பாடு செய்யும் காண்ட்ராக்டர் என்பது எனக்கு அந்த வாரத்தின் நடுவில்தான் தெரிந்தது. நான் போனபோது அவளுடைய கொட்டடி கழுவி விடப்பட்டிருந்தது.

"கோச்சுக்காதீங்க மேடம்" என்றார் ஓனர். முகத்தில் துளி வெட்கம் இல்லை. "அவங்க அடிச்சு வராததை நீங்க கொஞ்சி வர வச்சிட்டீங்க. அந்த ஆட்டத்துக்குத்தான் எடுத்துட்டுப் போனாரு. உங்களுக்கு நல்ல கைங்க. வேற ஒண்ணு பழக்குங்க." என்னைப் பாராட்டுகிறார் என்றே அவர் நினைத்தார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். டீ சொல்லவா என்றார்.

காண்ட்ராக்டரைப் போனில் பிடித்தேன். திருப்பிக் கொடுங்கள், நீங்கள் சொல்வதைத் தருகிறேன் என்றேன். "முகூர்த்த சீசன் மேடம். ஆடி வரட்டும், பேசுவோம்" என்றார். ஆடி வந்தது. போனை எடுக்கவில்லை. நேரில் போனேன், குதிரைகள் வேறு ஊரில் இருக்கின்றன என்றார்கள். ஆடியும் போயிற்று. எங்காவது மேளச் சத்தம் கேட்டால் ஸ்கூட்டரை வேறு தெருவில் விட்டேன். இருப்பாளோ என்று பயம். இல்லாமல் போனால் அதுவும் பயம்.

ஆவணியில் ஒரு சாயங்காலம் கிளினிக்கை விட்டுக் கிளம்பினேன். மெயின் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை. முன்னால் செண்டை மேளம், மாப்பிள்ளை அழைப்பு. ஒதுங்கிப்போகச் சந்து இல்லை. ஆட்டோக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றேன். வளைந்த காதுகள் இரண்டும் கூட்டத்துக்கு மேலே தெரிந்தன.

ஸ்கூட்டரை அங்கேயே போட்டுவிட்டுப் போனேன். நெற்றியில் தகடு, கழுத்தில் ஜரிகை, கால்களில் சலங்கை. வாயோரம் நுரை ஒழுகியது. மறுபடியும் முள் கடிவாளம் போட்டிருந்தார்கள். வெள்ளைத் தோல் வேர்வையில் சாம்பலாகிக் கிடந்தது. அவள் இருந்த இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்று விசில் அடித்தார்கள். லகானைப் பிடித்திருந்த குதிரைக்காரர் தன் கையிலிருந்த பிரம்பைத் தாளத்துக்கு ஆட்டிக்கொண்டிருந்தார், தான்தான் ஆட்டிவைக்கிறோம் என்ற நினைப்பில்.

நான் மாப்பிள்ளையின் கால்களைப் பார்த்தேன். சின்ன வயசு. குதிரையை அன்றுதான் கிட்டத்தில் பார்த்திருப்பார். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இரண்டு கால்களையும் அவள் விலாவோடு நெருக்கி இறுக்கியிருந்தார். அவள் ஆட ஆட அவருக்குப் பயம். பயப்படப் பயப்பட இன்னும் இறுக்கினார். அவர் கேட்டதை அவள் செய்துகொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு நேரமாக என்று யாரைக் கேட்பது? ஊர்வலம் எங்கே கிளம்பியதோ அங்கிருந்தே இருக்கும்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவர் முழங்காலைத் தொட்டேன். "தம்பி, காலை லூஸா விடுங்க" என்று கத்தினேன்.

"விழுந்துடுவேன் ஆன்ட்டி!"

"விழ மாட்டீங்க. முன்னாடி சேணத்தைப் பிடிச்சுக்குங்க. தொடையை விடுங்க. மூச்சை விடுங்க."

பாவம், சொன்னதைக் கேட்டார். கால்கள் தளர்ந்தன. அவள் அந்த நொடியே நின்றாள். தலையைத் தாழ்த்தினாள். விலா ஏறி இறங்கியது. ஒரு காது என் பக்கம் திரும்பியது. என்னைத் தெரிந்துகொண்டாளா என்று எனக்குத் தெரியாது. அப்படி எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது. நான் அவள் கழுத்தில் கை வைத்தேன். கொதித்தது.

விசில் நின்றது. "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. மேளக்காரர்கள் இன்னும் கிட்டே வந்து அடித்தார்கள். குதிரைக்காரர் லகானை வெடுக்கென்று இழுத்துவிட்டு, அவள் பின்னங்காலில் பிரம்பால் ஒன்று போட்டார். அவள் நடுங்கினாள், ஆனால் நகரவில்லை. காலால் யாரும் கேட்கவில்லையே. மறுபடியும் போட்டார், இன்னும் பலமாக.

"அடிக்காதீங்க!" என்று அவர் கையைப் பிடித்தேன்.

"தள்ளுங்கம்மா. யாரு நீங்க?"

"இதைப் பழக்கினதே நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களே ஆடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பிரம்பை மறுபடியும் ஓங்கினார்.

நான் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினேன். "காலை இறுக்குங்க" என்றேன்.

அவர் இறுக்கினார். அவள் உடனே காலைத் தூக்கினாள். ஓங்கிய பிரம்பு அடிக்காமல் தாழ்ந்தது, கூட்டம் கைதட்டியது. மண்டபத்து வாசல் வரைக்கும் நான் அவளோடு நடந்தேன், அந்தப் பையனின் கால்கள் தளரும்போதெல்லாம் "இறுக்குங்க தம்பி, விடாதீங்க, இறுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே.